மாம்பழத் திருடனும் பழைய கேப்டனும்

ஐம்பதைத் தாண்டிய ஒருவர், முன்னாள் வீரர்கள் தினத்துக்காகத் தாம் படித்த கல்லூரிக்குப் போகிறார். முப்பது ஆண்டுக்கு முன் அவர் தலைமையில் அணி வென்ற கோப்பைக்காக மேடையில் பொன்னாடை போர்த்துகிறார்கள். அந்தக் கோப்பையை வென்றது இவர்தானா? விதண்டாவாதம் போலத் தெரிந்தாலும் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. மூச்சைப் பிடித்துக் கபடி பாடிப்போய்க் கோட்டைத் தொட்டு வந்த உடம்பு இப்போது இல்லை. கல்லூரியும் பழைய கல்லூரி இல்லை. உதாரணத்துக்கு, நாமக்கல் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி 1969-இல் தொடங்கப்பட்டபோது அந்த ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது; நாமக்கல் தனி மாவட்டமானது 1997-இல். பெரியார் பல்கலைக்கழகம் வந்ததும் அதே ஆண்டில்தான். அதுவரை இந்த வட்டாரத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. ஆக ஆளும் மாறி, மாவட்டமும் மாறி, பல்கலைக்கழகமும் மாறிவிட்ட பிறகு, யார் வென்றதற்காக யாருக்குப் பொன்னாடை?

திறமை குறைந்துவிட்டதால் ஆள் வேறாகிவிடுவதில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார், டோக்கியோவில் 1.86 மீட்டருக்கு வெள்ளி, 2024 பாரீஸில் 1.85 மீட்டருக்கு வெண்கலம். ரியோவில் தாண்டியவர் வேறொருவர் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் என்ன என்பதில்தான் நம் தத்துவங்கள் பிரிகின்றன. நேற்றுக் கண்டதை இன்று தொட்டு ‘இது அதுவே’ என்று அறிகிறோமே, இரண்டையும் அறிய நிலையான ஒருவன் வேண்டாமா என்பது நியாய தத்துவ மரபினரான நையாயிகரின் வாதம். உடம்பும் புலனும் பிராணனும் தாமே உயிர் ஆகமாட்டா என்று சைவ சித்தாந்தியான மெய்கண்டார் சிவஞானபோதத்தில் நிறுவ முயல்கிறார். அவர் மாணவர் அருணந்தி, சிவஞான சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கத்தில் பௌத்தரோடு இதற்காகவே நீண்ட வழக்காடுகிறார். கணத்துக்குக் கணம் எல்லாம் மாறினால் வினையைச் செய்தவன் ஒருவன், பயனை நுகர்பவன் வேறொருவன் என்றாகிவிடாதா என்பது சைவரின் கேள்வி. கூர்மையான கேள்வி. ஆனால் பௌத்தர் அதற்கு எப்போதோ பதில் வைத்திருந்தார்கள், அதுவும் சேலத்துக்காரர்களுக்கு உடனே புரியும் உதாரணத்தோடு.

மிலிந்த பஞ்ஹா என்ற பௌத்த நூலில் மிலிந்த மன்னனிடம் துறவி நாகசேனர் ஒரு மாம்பழத் திருடனைப் பற்றிச் சொல்கிறார். பிடிபட்ட திருடன், ‘இவர் நட்ட மாங்காய் வேறு, நான் பறித்த மாங்காய் வேறு, நான் இவர் பொருளைத் தொடவில்லை’ என்கிறான். விடலாமா? கூடாது, நட்டதிலிருந்து வந்ததுதானே பறித்தது. நிலையான ஆன்மா இல்லாமலே, தொடர்ச்சி ஒன்றை வைத்தே பொறுப்பைக் கட்டிவிட முடிகிறது. சைவரின் அச்சத்துக்கு இது போதிய விடை என்றே நினைக்கிறேன். ஆன்மா உண்டா இல்லையா என்பது இதனால் தீர்ந்துவிடவில்லை. கேப்டன் விஷயத்துக்கு அது தீரவும் வேண்டாம். நான் கவனிப்பது வேறொன்றை. நாகசேனர் எடுத்துக்கொண்டது பரிசு வாங்குபவனை அல்ல, திருடனை. நேற்றைய ஆளும் இன்றைய ஆளும் ஒருவரா என்ற கேள்வி கசப்பது கணக்குத் தீர்க்க வேண்டிய இடத்தில்தான். மாலை போடும்போது யாரும் ‘அது நான் இல்லை’ என்று மறுப்பதில்லை.

விளையாட்டு உலகமே இதற்குச் சாட்சி. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் அமெரிக்கத் தடகள வீரர் ஜிம் தார்ப் வென்ற இரண்டு தங்கங்களை மறு ஆண்டே பறித்தார்கள். அவர் 1953-இல் இறந்தார். 1983-இல் பதக்கங்களின் நகல்கள் அவர் பிள்ளைகளிடம் கொடுக்கப்பட்டன. 2022-இல் அவரே ஒற்றை வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு அறிவித்தது. இறந்து ஏறத்தாழ எழுபது ஆண்டு ஆனாலும் பெருமை போய்ச் சேர்கிறது. பழி அப்படிப் போவதில்லை. லண்டன் 2012-இல் மல்யுத்தத்தில் யோகேஷ்வர் தத் வெண்கலம் வாங்கிய அதே பிரிவில் வெள்ளி வாங்கிய ரஷ்யர் பெசிக் குதுகோவ் அடுத்த ஆண்டு கார் விபத்தில் இறந்துபோனார். சேமித்து வைத்த மாதிரியில் ஊக்கமருந்து இருந்ததாக 2016-இல் செய்தி வந்தது. பதக்கம் அந்தக் குடும்பத்திடமே இருக்கட்டும் என்றார் யோகேஷ்வர், அழகான செயல். கடைசியில் இறந்தவர்மீது விசாரணை நடத்த முடியாதென்று ஒலிம்பிக் குழுவும் வழக்கை மூடிவிட்டது. புகழுக்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டியதில்லை. பதில் சொல்லத்தான் ஆள் வேண்டும். அப்படியானால் பழைய கேப்டன் நேரில் வரவேண்டிய அவசியம் பொன்னாடைக்காக இல்லை, அதைக் கூரியரில் அனுப்பிவிடலாம். அவர் வந்துதான் ஆகவேண்டும் என்றால், அவர் பதில் சொல்ல வேண்டியது ஏதோ கல்லூரியில் மிச்சம் இருக்க வேண்டும்.

இருபது வயதில் செய்ததை ஐம்பதில் கிளறலாமா என்று கேட்பார்கள். அறியாத வயது, மன்னித்துவிட வேண்டியதுதானே. மன்னிக்கலாம், ஆனால் செய்தவனைத்தான் மன்னிக்க முடியும். ‘அது வேறு ஆள்’ என்று சொல்லித் தப்பினால் மன்னிப்புக்கே இடமில்லாமல் போகிறது. அதோடு, அறியாத வயது என்ற சலுகையை ஒரு பக்கம் மட்டும் நீட்டுவது நியாயமில்லை. வென்றதும் அதே வயதில்தானே. இன்னொரு ஆட்சேபம் கொஞ்சம் கனமானது: கொண்டாட வந்தவர்களை எதற்குக் கூண்டில் ஏற்றுவது? யாரையும் ஏற்ற வேண்டாம். ஆனால் அந்த நாளில் நடப்பதைப் பாருங்கள். மேடைப் பேச்சு அரைமணியில் முடிந்துவிடும். பழைய அணிக்கும் இப்போதைய அணிக்கும் நட்பு ஆட்டம் ஒன்று, பத்து நிமிடத்தில் பெரியவர்களுக்கு மூச்சு வாங்கும். அதன்பின் மர நிழலில் பேச்சு எங்கே போகிறது? செலக்‌ஷனில் யாரைத் தட்டிக் கழித்தோம், சாதி பார்த்து யாரை விலக்கி வைத்தோம், எந்த ஜூனியரைத் துணி துவைக்க வைத்தோம், மாணவியருக்கு மைதானம் விடாமல் எத்தனை மாலை பிடித்துக்கொண்டோம், கோடு போட்டு வலை கட்டிய மார்க்கரை எப்படி அதட்டினோம். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கணக்கு வழக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆனால் கேட்டுக்கொள்ள வேண்டியவர்கள் அங்கே இருக்கமாட்டார்கள். இதுதான் என் வாதத்துக்கு உண்மையான இடைஞ்சல். இதைத் தத்துவம் தீர்க்காது, விழாக் குழுதான் தீர்க்க வேண்டும். அழைப்புப் பட்டியலைக் கோப்பைப் புகைப்படத்தைப் பார்த்துத் தயாரிக்கிறார்கள். ரிசர்வில் உட்கார்ந்தவர், பாதியில் அணியை விட்டு நின்றவர், ஓய்வுபெற்ற மார்க்கர் ஆகியோர் பெயர்கள் அதில் இல்லை. உடற்கல்வித் துறையின் பழைய வருகைப் பதிவேட்டில் இருக்கும்.