ஓராண்டு யாருடையது?

எனக்குப் பதிமூன்று வயதில் ஓர் ஆண்டு போனது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனபோது, யூபிஎஸ்ஆரில் மலாய்மொழித் தேர்ச்சி போதவில்லை என்று புகுமுக வகுப்பில் உட்கார வைத்தார்கள். கம்பத்தில் என்னோடு பந்து விளையாடிய மலாய் நண்பன் நேராக முதலாம் படிவத்துக்குப் போய்விட்டான். தேசியப்பள்ளியில் படித்தவர்களுக்குப் புகுமுக வகுப்பு கிடையாது. அது தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். மொழியைச் சரிசெய்துகொள்ளக் கிடைக்கும் வாய்ப்பு என்றுதான் சொல்வார்கள். எங்கள் வகுப்பில் பாதி நாள் ஆசிரியரே வரவில்லை. அதனால் எனக்கு அது வாய்ப்பாகத் தெரியவில்லை. அப்பா மட்டும், “ஒரு வருஷம்தானே, போனா போவுது” என்றார். அப்போது அவர் அன்னாசி ஆலையில் இரவு வேலையில் இருந்தார். இன்னும் ஓராண்டு கூடுதலாக என்னைப் படிக்க வைக்க வேண்டும் என்ற கணக்கை அவர் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

பெக்கான் நானாஸ் என்ற பெயரிலேயே அன்னாசி இருக்கிறது. இங்கே அன்னாசிக்கு ஒரு அருங்காட்சியகமும் உண்டு. எங்கள் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது: பொறியியல் மெட்ரிகுலேஷன் கல்லூரி. பள்ளிக்குப் போகும் வழியில் அதன் வாசலைப் பார்த்திருக்கிறேன். ஆனால் உள்ளே போக என்ன செய்ய வேண்டும் என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. நான் ஆறாம் படிவம் போய், எஸ்டிபிஎம் எழுதி, நண்பனைவிட இரண்டாண்டு பிந்தித்தான் பல்கலைக்கழகத்தில் கால் வைத்தேன்.

இப்போது ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குத் தமிழ் இலக்கியம் சொல்லிக்கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. எஸ்பிஎம் தேர்வில் தமிழ் இலக்கியம் ஒரு பாடம் என்றாலும், பல பள்ளிகளில் அதற்கு நேர அட்டவணையில் இடமில்லை. வெளியில் யாராவது நடத்தினால்தான் உண்டு. எஸ்பிஎம்முக்குப் பத்துப் பாடங்கள்தான் என்று 2009இல் அரசு அறிவித்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் போய்விடும் என்று சமூகம் கொந்தளித்தது. கடைசியில் இன்னும் இரண்டு பாடங்களுக்கு அனுமதி கிடைத்தது. அந்த இரண்டு இடத்தைக் காலியாக விடக்கூடாது என்ற வைராக்கியத்தில்தான் நானும் இந்த வகுப்பைத் தொடங்கினேன்.

போன ஆண்டு ஒரு மாணவி கேட்டாள். “சார், இலக்கியம் எடுத்தா மெட்ரிகுலேஷனுக்கு உதவுமா?”

“எல்லாத்தையும் அப்படிக் கணக்குப் பாத்துப் படிக்க முடியுமாம்மா?” என்றேன்.

கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அப்போதே எனக்குத் தெரியும். அவள் பதினொரு பாடங்கள் எழுதினாள். ஒன்பதில் ஏ வந்தது, இலக்கியத்திலும் ஏ. வேதியியலிலும் கூடுதல் கணிதத்திலும் நழுவிவிட்டது. மெட்ரிகுலேஷன் கிடைக்கவில்லை.

மெட்ரிகுலேஷன் என்றால் பெரும்பாலானோருக்கு ஓராண்டு. விடுதி உண்டு, உதவித்தொகை உண்டு. எஸ்டிபிஎம் மூன்று பருவம், ஒன்றரை ஆண்டு. அதுவும் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போய்ப் படிக்க வேண்டும். இரண்டுமே பல்கலைக்கழகத்துக்குத்தான் போகின்றன, ஆனால் ஒன்று குறுக்குவழி. அந்தக் குறுக்குவழியில் நீண்ட காலமாகத் தொண்ணூறு விழுக்காடு இடங்கள் பூமிபுத்ராக்களுக்கு. மற்ற எல்லாருக்கும் சேர்த்துப் பத்து. 2012இல் இந்திய மாணவர்களுக்கு 1,500 இடங்கள் என்று அறிவித்தார்கள். 2024இல், பத்து ஏ எடுத்தால் எந்த இனமானாலும் இடம் உறுதி என்றார்கள்.

பத்து ஏ அறிவிப்பைக் கேட்டு நானும் மகிழ்ந்தேன். இனம் பார்க்காத ஒரு விதி வருவது சின்ன விஷயம் இல்லை. பிறகு அந்த மாணவியை நினைத்துக்கொண்டேன். அவள் அம்மா விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். தம்பியைப் பள்ளிக்குக் கிளப்புவது அவள் வேலை. டியூஷன் கிடையாது. அவளுடைய ஒன்பது ஏவையும், ஐந்து டியூஷன் வைத்துப் படித்தவரின் பத்து ஏவையும் ஒரே அளவுகோலில் நிறுத்துவது நியாயமா? அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றுதான். அதை எட்டிப் பிடிக்கக் கிடைத்த நேரம்தான் ஒன்றில்லை.

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை. அமெரிக்காவில் ‘டூயல் கிரெடிட்’ என்றொரு ஏற்பாடு. உயர்நிலைப்பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் எடுக்கலாம், அது இரண்டு இடத்திலும் கணக்கில் வரும். மினசோட்டா மாநிலம் 1985லேயே அரசுச் செலவில் இதைத் தொடங்கியது. ஏழைப் பிள்ளைக்குக் கல்லூரியில் ஓராண்டுச் செலவு மிச்சமாகும் என்பதுதான் அதன் அழகு. ஆனால் அங்கேயும் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் அதில் கூடுதலாகச் சேர்கிறார்கள். தகுதித் தேர்வு, போக்குவரத்து, புத்தகச் செலவு, இப்படியொரு வழி இருப்பதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் என்று ஒவ்வொன்றும் ஒரு வடிகட்டி. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது, வாசல் வரைக்கும் வர நேரமும் வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமானது தொழிற்கல்விக் கல்லூரி, அதாவது கோலேஜ் வொக்கேஷனல். 2012இலிருந்து நான்காம் படிவ வயதிலேயே சேர்ந்து, நான்காண்டில் டிப்ளோமாவோடு வெளியே வரலாம். நல்ல வழி. ஆனால் நம் வீடுகளில் அதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ‘படிப்பு வராத பிள்ளைக்கு’ என்று நாமே ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்தக் குற்றத்தில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு.

இவ்வளவையும் யோசித்தபிறகு என்னை உறுத்தியது அரசாங்கம் இல்லை, என்னுடைய சனிக்கிழமை வகுப்புதான். என் ஓராண்டைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்கள் என்று இருபது ஆண்டுகளாகக் குறைபட்டவன் நான். அவளுடைய நாற்பது சனிக்கிழமைகளை நான் எப்படி எடுத்துக்கொண்டேன்? மொழிக்காக என்று சொல்லலாம். புகுமுக வகுப்பில் என்னை உட்கார வைத்தவர்களும் மொழியைத்தானே சொன்னார்கள்!

இரண்டும் ஒன்றில்லை என்று வாதிடலாம். நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, அவள் விரும்பித்தான் வந்தாள். ஆனால் அவள் ஒரு கேள்வி கேட்டாள். நான் உண்மையான விடையைச் சொல்லவில்லை. இலக்கியத்துக்குப் போகும் நேரம் வேறு பாடத்திலிருந்துதான் வரும், உனக்கு அந்த நேரம் குறைவு, யோசித்து முடிவெடு என்று சொல்லியிருந்தால், முடிவு அவளுடையதாக இருந்திருக்கும். சொல்லாமல் விட்டதால் அது என்னுடையதாகிவிட்டது. இருக்கிற நேரம் எவ்வளவு, எதற்குச் செலவாகிறது என்று தெரியாதவருக்கு ‘விருப்பம்’ என்ற சொல் பொருந்தாது.

இதனால் இலக்கியத்தை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புள்ளி கிடைக்காத எதையும் படிக்கக்கூடாது என்றால், ஏழைப் பிள்ளை கதையும் கவிதையும் படிக்கவே முடியாது, அது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்காகிவிடும். அது இன்னொரு அநியாயம். சீக்கிரம் போக வழி கேட்பதைப் போலவே, நின்று நிதானமாகப் படிக்கவும் நேரம் கேட்க வேண்டும். வாய்ப்பை விரிவாக்குவது என்றால், முதலில் பிள்ளைகளிடமிருந்து ஆண்டுகளைப் பறிக்காமல் இருப்பது. பிறகு, மிச்சமாகும் நேரத்தை என்ன செய்வது என்பதை அவர்களிடமே விடுவது.

சென்ற மாதம் அவளைப் பொந்தியான் பஸ் நிலையத்தில் பார்த்தேன். ஆறாம் படிவம் போய்க்கொண்டிருக்கிறாள். “என் வகுப்பாலதான் உனக்குக் கெமிஸ்ட்ரி போச்சாம்மா?” என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்சநேரம் யோசித்தாள். “தெரியல சார். இருக்கலாம்” என்றாள்.

ஆறுதலாக எதையும் சொல்லாததற்கு மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன். இந்த ஆண்டு முதல் வகுப்பில், பாடம் தொடங்கும் முன் பலகையில் மணிக்கணக்கை எழுதினேன். இத்தனை சனிக்கிழமை, இத்தனை மணி நேரம், மெட்ரிகுலேஷனுக்கு என்ன வேண்டும், தொழிற்கல்விக் கல்லூரிக்கு என்ன வேண்டும் என்று எல்லாம். வீட்டில் பேசிவிட்டு அடுத்த வாரம் வாங்க என்றேன்.

பதினான்கு பேர் வந்திருந்தார்கள். அடுத்த வாரம் ஒன்பது பேர் வந்தார்கள்.