பூச்சுக்கு அடியில் கறள்



திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் நமக்குக் கறள் என்றால் என்னவென்று எவரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் சங்கிலி, கிணற்றுக் கப்பி என்று கைவைக்கும் இடமெல்லாம் அது ஒட்டிக்கொள்கிறது. உப்புவெளி என்று ஓர் ஊருக்கே பெயர் வைத்தவர்கள் நாம். சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளுள் காட்டுக்குள் கைவிடப்பட்டவற்றைப் பார்த்தவர்கள், எவ்வளவு பெரிய இரும்பானாலும் கடற்காற்றின் முன் என்ன ஆகிறது என்பதை அறிவார்கள். அந்துப்பூச்சிக்கும் துருவுக்கும் இரையாகிற செல்வத்தை இவ்வுலகில் சேர்த்துவைக்க வேண்டாமென்று நமதாண்டவர் மலைப்பிரசங்கத்தில் எச்சரிக்கும்போது (மத். 6:19), நம்மூர்க்காரருக்கே பேசுகிறார்போலத் தோன்றும்.

கண்ணுக்குத் தெரியும் கறளிடம் நாம் ஏமாறுவதில்லை. சுரண்டுகிறோம், எண்ணெய் பூசுகிறோம். இன்று நாம் தியானிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத கறளைப் பற்றி. அதற்கு ஒரு பழைய மோட்டார் காரை எடுத்துக்கொள்வோம்.

நம் நாட்டுத் தெருக்களில் மொரிஸ் மைனர் கார்கள் இன்னும் ஓடுகின்றன. இங்கிலாந்தில் 1948இல் வெளிவரத் தொடங்கி, 1971 வரை ஏறக்குறைய 16 இலட்சம் செய்யப்பட்ட கார் அது. அவற்றுள் கடைசியாக வந்ததும் அரை நூற்றாண்டைக் கடந்துவிட்டது. பழைய கார்களை நாம் விடாமல் வைத்திருப்பதற்கு ஆசையோடு தேவையும் காரணம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்கள் பொன்விலை விற்றன. நகையை அடகுவைத்து, சேமிப்பை எடுத்து, கடன்பட்டு வாங்கவேண்டிய பொருளாகப் பல குடும்பங்களுக்குக் கார் ஆயிற்று. ஆகவே அதற்குள் மறைந்திருக்கும் கறள் ஒரு குடும்பத்தின் சோற்றோடும் உயிரோடும் சம்பந்தப்பட்டது.

இந்தக் கறள் எப்படி உண்டாகிறது? இரும்பும் காற்றும் தண்ணீரும் சேர்ந்தால் துருப் பிடிக்கும். அதோடு உப்பும் சேர்ந்தால் அந்த வேலை இன்னும் விரைவாக நடக்கும். உப்பு, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், கடலோரத்தில் மழையில்லாத மாதங்களிலும் தகட்டு மடிப்புகளின் ஈரம் இலகுவில் காய்வதில்லை. அலுமினியத்தின்மேல் உண்டாகும் படலம் உள்ளேயிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் கறளோ பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடுத்த அரிப்புக்கு வழி திறந்துவிடுகிறது. இரும்பைவிடக் கூடுதலான இடத்தை அது பிடிப்பதால், மேலேயுள்ள வர்ணத்தை உள்ளிருந்து தள்ளுகிறது. வெளியே மிளகளவு கொப்புளம் தெரியும்போது உள்ளே உள்ளங்கையளவு தகடு போயிருக்கக்கூடும்.

கதவுகளுக்குக் கீழே இருபுறமும் பெட்டிபோல ஓடும் தகட்டைப் பாருங்கள். மொரிஸ் மைனரில் உடல் வேறு, அடிச்சட்டம் வேறு என்றில்லை. இரண்டும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டவை. வண்டியின் பலத்தில் ஒரு பெரும்பங்கு அந்தப் பெட்டித் தகட்டில் இருக்கிறது. அதன் உட்புறத்தை உரிமையாளர் ஒருநாளும் காண்பதில்லை. ஜாக்கியை வைத்துத் தூக்கும்போது, வண்டி எழும்பாமல் தகடு நொறுங்கி உள்ளே போகிற அன்றுதான் உண்மை தெரியவரும்.

தண்ணீர் ஒழுக்கும் இப்படியே. மாரியில் காரின் கால்விரிப்பு நனைந்திருக்கும். கண்ணாடி உள்ளே புகைபடியும். ஒரு புழுங்கல் மணம் எழும். விரிப்பை எடுத்து வெயிலில் போட்டுவிட்டு வேலை முடிந்ததென்று நினைக்கிறோம். ஆனால் தண்ணீர் தேங்கும் இடம் ஒன்று, புகும் இடம் வேறு. முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள றப்பர் காய்ந்து வெடித்திருக்கும். அதன்வழியே புகுந்த துளி தகட்டின் உட்புறமாக ஊர்ந்துவந்து காலடியில் சேரும். அனுபவமுள்ள மெக்கானிக் என்ன செய்வார்? விரிப்பை முற்றாகக் கழற்றி, காய்ந்த பத்திரிகைத் தாளைப் பரப்பி, ஒருவரை உள்ளே இருத்தி, வெளியே கீழிருந்து மேலாகக் கொஞ்சங் கொஞ்சமாகக் குழாய்த் தண்ணீர் பிடிப்பார். முதல் ஈரம் தோன்றிய இடத்திலிருந்து பின்னோக்கித் தேடுவார். அவருக்குப் பொறுமை வேண்டும். உண்மையை அறியும் விருப்பமும் வேண்டும்.

கதவு நமக்கு இன்னொரு பாடம் சொல்லுகிறது. கண்ணாடி ஏறியிறங்கும் கதவுக்குள் மழைநீர் புகத்தான் செய்யும். காரைச் செய்தவர்கள் அதை அறிந்தே கதவின் அடியில் சிறு துளைகள் விட்டார்கள். புகுந்த நீர் அவற்றின் வழியே வெளியேறிவிடும். துளைகளை மண்ணும் சருகும் அடைத்தாலோ, அழகுக்காக எவராவது பட்டி வைத்து மூடினாலோ, அந்தக் கதவு உள்ளிருந்து உக்கத் தொடங்கும்.

இவற்றையெல்லாம் கண்டபின்பும் மனிதர் கைக்கொள்ளும் குறுக்குவழி ஒன்றுண்டு. உக்கிய தகட்டை வெட்டியெடுத்து நல்ல தகடு பற்றவைப்பதற்குப் பதிலாக, கறளின் மேலேயே பட்டியை அப்பி, தேய்த்து, வர்ணம் அடித்துவிடுவார்கள். பார்வைக்குப் புதுக் கார்! பட்டி தடித்த இடத்தில் காந்தத்தை வைத்தால் அது ஒட்டாது விழும். உள்ளே அகப்பட்ட ஈரத்தோடு கறள் தன் வேலையைத் தொடரும். பலமற்ற சுவரைக் கட்டி அதன்மேல் சுண்ணாம்பு பூசியவர்களை எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்டித்தார் அல்லவா? பெருமழை பெய்யும், புயல் அடிக்கும், அந்தச் சுவர் விழுந்து அத்திவாரம் வெளியே தெரியும் என்றார் (எசே. 13:10-14). நமது வடகீழ்ப் பருவமழைக்கும் அதே குணந்தான். பூச்சு எத்தகையது என்பதை அது பரீட்சித்துக் காட்டிவிடும்.

இந்தக் காரைத் தெரிந்துகொண்டே இன்னொருவருக்கு விற்கிறவரின் நிலை என்ன? "வாங்குகிறவன் பார்த்து வாங்கட்டும், நான் ஏன் வாய்திறக்க வேண்டும்?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. இந்தக் கேள்விக்கு 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தோமஸ் அக்குவினாஸ் தமது பெரிய இறையியல் நூலில் விடை சொல்லியிருக்கிறார். ஒற்றைக்கண் குதிரையின் குறைபோல எவரும் காணக்கூடிய குறையை, அதற்கேற்ப விலையும் குறைக்கப்பட்டிருந்தால், விற்பவர் எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவரல்ல. ஆனால் குறை மறைந்ததாயிருந்து, வாங்குகிறவருக்கு அதனால் நட்டமோ ஆபத்தோ வருமானால், சொல்லியே ஆகவேண்டும். நொண்டிக் குதிரையை வேகமான குதிரையென்றும், விழப்போகும் வீட்டை உறுதியான வீடென்றும் விற்பதை அவர் உதாரணம் காட்டுகிறார். அறியாமல் விற்றவருக்குப் பாவமில்லை. ஆனால் பின்பு அறியவந்தால் அவரும் நட்டத்தை ஈடுசெய்ய வேண்டும் என்பது அவரது போதனை. குதிரையின் இடத்தில் காரை வைத்துப் பாருங்கள். அடித்தகடு உக்கிய வண்டியில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு தகப்பன் கண்டி வீதியில் போகப்போகிறார். அதைத் தெரிந்தும் மௌனமாயிருந்து பணத்தை எண்ணி வாங்குவது களவு என்பதோடு பிறர் உயிருக்குச் செய்யும் தீங்குமாகும். முதலாளி சொன்னார் என்பதற்காக, விற்பனைக்கென்று அறிந்தே கறளின்மேல் பட்டி அப்பும் தொழிலாளிக்கும் அதில் பங்குண்டு.

இப்படிச் செய்தவர் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வந்தால் மட்டும் போதாது. வாங்கியவரின் வீட்டுக்கும் போகவேண்டும். சக்கேயு தன் வீட்டில் ஆண்டவரை வரவேற்றபோது, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாக வாக்களித்தான் (லூக். 19:8). நாம் நான்கு மடங்கு கொடுக்காவிட்டாலும், தகடு மாற்றும் செலவையாவது கொடுக்கவேண்டாமா?

சகோதரரே, பிறருக்கு மறைக்கும் பழக்கம் முதலில் நமக்கு நாமே மறைப்பதில்தான் தொடங்குகிறது. நம் உள்ளத்திலும் விரிப்பைத் தூக்கிப் பாராத இடங்கள் உண்டு. தம்பியோடு காணித் தகராறில் பேசாமல் விட்ட ஆண்டுகள், மனைவிக்குத் தெரியாத கடன், ஒருவருக்கும் தெரியாத குடி. இவற்றின்மேல் பூசைக்குத் தவறாத நல்ல மனிதர் என்ற வர்ணம் பளபளக்கிறது. அடிக்கடி வரும் கோபத்துக்கு மன்னிப்புக் கேட்கிறோம். அது எங்கிருந்து ஒழுகுகிறது என்று தேடுவதில்லை. சோதனை வருவது பாவமாகாது. கதவுக்குள் மழை புகுவதுபோல அதுவும் வரும். அது தேங்கி நம்மை உக்கச் செய்யாதபடி வெளியேறும் வழியையே திருச்சபை பாவசங்கீர்த்தனமாக நமக்குத் தந்திருக்கிறது. அந்தத் துளையை வெட்கம் என்ற பட்டியால் அடைத்துவிடாதீர்கள்.

லேவியர் ஆகமத்தில் ஓர் ஒழுங்கு இருக்கிறது (லேவி. 14:33-45). வீட்டுச் சுவரில் பூஞ்சைபோன்ற நோய் கண்டால், வீட்டுக்காரன் தானே குருவிடம் போய்ச் சொல்லவேண்டும். வீட்டை ஒழித்துவைத்து, குரு பார்வையிட்டு, ஏழு நாள் பூட்டிவைத்து, பின்பும் நோய் பரவியிருந்தால் பழுதான கற்களைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிந்து, உட்சுவரைச் சுற்றிலும் சுரண்டி, புதுக் கல்லும் புதுச் சாந்தும் வைக்கவேண்டும். பூசுவது கடைசி வேலை என்பதைக் கவனியுங்கள். நேரத்தோடு சொன்னவனுக்குச் சில கற்களோடு காரியம் முடியலாம். மறைத்துவைத்தவனோ வீட்டையே இழக்க நேரிடும்.

நமது பகுதியில் மழை வலுக்கும் நாள்களில்தான் திருவருகைக் காலமும் வருகிறது. கார் உள்ளவர்கள் இந்த வாரமே விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்; கதவின் அடித்துளைகளை ஒரு கம்பியால் திறந்துவிடுங்கள்; விற்க எண்ணியிருந்தால் குறையைச் சொல்லி விலை பேசுங்கள். கார் இல்லாதவர்களுக்கும் பாலகனை வரவேற்க ஓர் உள்ளம் இருக்கிறது. நோவாவின் பேழைக்கு உள்ளும் புறமும் கீல் பூசச் சொன்ன இறைவன் (ஆதி. 6:14), நம்மையும் உள்ளும் புறமும் காப்பாராக. ஆமென்.