சித்திரகுப்தன் எப்போது வந்தான்?

மறையூர் கோவில்கடவில் பாம்பாற்றை ஒட்டிய பாறைமேல் முனியறைகள் இருக்கின்றன. பக்கத்துக்கு ஒரு பலகைக்கல், மேலே ஒரு மூடுகல். முனிவர்கள் தவமிருந்த அறை என்பார்கள். பாண்டவர் வனவாசத்தில் தங்கியது என்பாரும் உண்டு. தொல்லியலாருக்கு அது பெருங்கற்கால ஈமச்சின்னம். எனக்கோ கண் அந்த மூடுகல்லில்தான் நிற்கும். ஒரு குடும்பத்து ஆட்கள் சேர்ந்து அதைத் தூக்கிவிட முடியாது. தூக்க வந்தவர்களுக்கு அன்றைக்கு யாரோ சோறு போட்டிருக்க வேண்டும். தன் வீட்டுத் தேவைக்கு மேல் தானியம் வைத்திருந்தவர் யாரோ அவர். ஊர் நாடாகிற கதை அந்தச் சோற்றிலேயே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

மலைக்கு அந்தப் பக்கம், பழனிக்கு அருகே பொருந்தல். பேராசிரியர் கா. ராஜன் அங்கே 2009–10இல் அகழ்ந்தபோது ஒரு கல்லறையில் நாலுகால் ஜாடி கிடைத்தது. உள்ளே ஏறக்குறைய 2 கிலோ நெல். காலக்கணிப்பில் கி.மு. 490 வாக்கில் என்று வந்தது. கூடவே தமிழி எழுத்துப் பொறித்த, பானை தாங்கும் புரிமணை. இருப்பவர்களின் வயிற்றுக்குப் போக வேண்டிய நெல்லைச் செத்தவருக்கு வைத்து மூடியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் கரும்பு ஆலை உண்டு. முதல் கொப்பரை இறக்கியதும் கை சுடச்சுட உருட்டுகிற முதல் வெல்ல உருண்டைகளை அப்பத்தா வாழையிலையில் வைத்துப் பாறைப் பக்கம் கொண்டுபோவார். எத்தனை உருண்டை என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். “செத்தவுகளுக்கு எண்ணியாடா வைப்பாக?” என்று சீறினார். அதே அப்பத்தாதான் வெட்டாட்கள் வாங்கிய முன்பணத்துக்கு ஆளுக்கொரு வரிசையாகச் சுவரில் கரிக்கோடு போட்டவர். ஒரு கோடு அழிந்தால் வீடே ரெண்டுபடும்.

இரண்டுமே அவருக்கு இயல்பாக இருந்தது. ஆனால் எண்ணாமல் படையல் வாங்கிய சாமிக்கும் எண்ணிக் கணக்கு வைக்கிற சாமிக்கும் நடுவே மனிதகுலம் ஒரு நீண்ட பாதையைக் கடந்திருக்கிறது. மெசபடோமியாவின் உருக் நகரில் கி.மு. 3300 வாக்கில் களிமண் பலகைகளில் எழுதத் தொடங்கினார்கள். பெரும்பாலும் பார்லி, ஆடு, பங்கீடு என்று கணக்குத்தான். கோயில்தான் களஞ்சியம், பூசாரிதான் கணக்கப்பிள்ளை. நம் பக்கமும் எமனுக்கு ஒரு கணக்கர் வந்து சேர்ந்தார். காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தனுக்குத் தனிக்கோயிலே இருக்கிறது, அதுவும் நெல்லுக்காரத் தெருவில்! தெருப் பெயர் தற்செயல்தான். என் சந்தேகத்துக்கு மட்டும் அது தோதாக அமைந்துவிட்டது. சாமி கணக்குப் படித்த பள்ளிக்கூடம் களஞ்சியம்தான் என்பது என் சந்தேகம்.

அப்படியானால் பாவ புண்ணியக் கணக்கு ராசாக்கள் குடிகளை மிரட்டச் செய்த ஏற்பாடா? அப்படிச் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. முனியறை கட்டிய ஊரில் திருடியவன் வீடு எல்லோருக்கும் தெரியும்; அவன் மறுநாளும் அதே ஆற்றில்தான் குளிக்க வேண்டும். கரூர் அப்படியா? முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியே சரக்கு வந்துபோன பாதையில் இருந்த பட்டணம். எடையில் ஏய்த்தவன் விடிவதற்குள் போய்விடுவான். முகம் தெரியாதவர்கள் கூடி வாழும் இடத்தில், ஏமாந்தவனுக்குத் தூங்காத ஒரு சாட்சி வேண்டியிருந்தது. அரசன் ஏட்டில் இடமில்லாதவனுக்கு இன்னொரு ஏடு.

எங்கள் பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் கலந்து அந்தக் கரூருக்குத்தான் போகிறது. பக்கத்திலுள்ள புகளூர் ஆறுநாட்டார் மலையில் ஒரு சமணத் துறவிக்குக் கற்படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சேரன் இளங்கடுங்கோ இளவரசனானபோது செய்த கொடை. துறவியோ எதையும் தனதென்று வைத்துக்கொள்ளாதவர். செய்த வினை துகளாக உயிரில் ஒட்டும், ஒன்றுகூடத் தப்பாது என்கிற சமயத்தைச் சேர்ந்தவர். அங்குள்ள கல்வெட்டில் பாட்டன், அப்பன், மகன் என்று சேரர் மூன்று தலைமுறையின் பெயர். பாறையை அறுத்தவர் பெயர் இல்லை. அவர் கூலி வாங்கினாரா, அல்லது ஊர்முறையென்று வந்து உளி பிடித்துவிட்டுப் போனாரா என்பதற்கும் அதில் ஒரு சொல் இல்லை. சித்திரகுப்தன் வெறும் கட்டுக்கதை என்று அந்த ஆளிடம் போய்ச் சொல்ல எனக்கு வாய் வராது.