நாள் குறிப்பதும் நாணயமும்



காத்திருப்பது நம்மவர்க்குப் புதிதன்று. நாகப்பட்டினத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பாய்க்கப்பலேறிப் பினாங்கு வந்த நம் முன்னோர், ஊர் திரும்புதற்குக் காற்று மாறும் வரை மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். அவர்களில் எவரும் காற்றைப் பொய்யன் என்று ஏசியதாக நாம் கேள்விப்பட்டதில்லை. நீராவிக் கப்பல் வந்த பிறகோ, அது ஒரு நாள் பிந்தினாலும் கம்பெனிக்குத் திட்டு விழுந்தது. மாதக்கணக்கைப் பொறுத்த மனிதன் ஒரு நாளைப் பொறுக்க மாட்டாமற் போனது ஏன்? இக்கேள்வி நமக்கு எழுந்த இடம் ஒரு மோட்டார்ப் பட்டறை.

2024 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், சிங்கப்பூர் லாவெண்டர் வீதிச் சந்திப்பில் ஒரு வேன் நமது மின்சாரக் காரைப் பக்கவாட்டில் இடித்தது. கார் நடைபாதைக் கல்லின் மீது ஏறி இறங்கியது. யாருக்கும் காயமில்லை. வேனை ஓட்டிய இளைஞன் இறங்கி வந்து முதலில் நம் உடம்பைப் பற்றித்தான் விசாரித்தான், வண்டியைப் பற்றியல்ல. (இக்காலத்துப் பிள்ளைகளைக் குறை கூறுவோர் கவனிக்க.) மறுநாளே காப்புறுதிக் கம்பெனிக்குத் தெரிவித்தோம். நசுங்கிய கதவுதானே, இரண்டு வாரத்தில் வந்துவிடும் என்பது நமது எண்ணம்.

ஆனால் மின்சாரக் கார் பெட்ரோல் காரைப் போன்றதன்று. அதன் பேட்டரி ஒரு பெரும் பலகையைப் போல வண்டியின் அடிப்பாகம் முழுதும் பரவிக் கிடக்கிறது. அதில் இருப்பது சுமார் 400 வோல்ட். சில வண்டிகளில் 800. மின்சாரத்தைத் துண்டித்து, ரப்பர்க் கையுறை மாட்டி, அதற்கெனப் பயின்றவர்தான் கை வைக்கலாம். வெளியில் ஒரு கீறல் மட்டும் தெரிய, உள்ளே ஊறு பட்டிருக்கவும் கூடும். இது வீண் அச்சமன்று. 2011 இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு இலாகா, மோதிச் சோதனை செய்து நிறுத்தி வைத்திருந்த ஷெவர்லே வோல்ட் வண்டியொன்று ஏறத்தாழ மூன்று வாரம் கழித்துத் தானே தீப்பற்றியது. பக்கத்தில் நின்ற வண்டிகளும் சேர்ந்து எரிந்தன. ஆகவே நமது வண்டியை மற்றவற்றினின்றும் ஒதுக்கி நிறுத்திவிட்டு, பேட்டரியின் அடிமூடி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று பட்டறையார் சொன்னதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. வாகன உரிமைச் சான்றிதழின் 10 ஆண்டுக் கணக்கு, வண்டி ஓடினாலும் படுத்தாலும் ஓடிக்கொண்டே இருக்கிறதே என்ற வருத்தம் இருந்தது உண்மைதான். அதற்குப் பட்டறை என்ன செய்யும்?

மனத்தாங்கல் வேறோரிடத்திற் பிறந்தது. பட்டறையின் முன்னால் ஒரு காரியாலயம். பின்னால் வேலை நடக்கும் கொட்டகை. காரியாலயத்திற்கு டெலிபோன் செய்தால், “வருகிற புதன்கிழமை” என்று தேன் போன்ற குரலில் விடை வரும். கொட்டகையிலிருந்த வயதான சீன மேஸ்திரியைக் கேட்டால், “பெலும் தாவு, தவுக்கே” என்பார். இன்னும் தெரியவில்லை, அவ்வளவே. நமக்கு யார் மீது கோபம் வந்திருக்கும்? வெட்கத்தோடு சொல்கிறோம்: மேஸ்திரி மீதுதான் வந்தது. தொழில் தெரியாதவர் என்று கூடக் கடைப் பையன்களிடம் பேசினோம்.

இதனிடையில் ஒரு நண்பர் தம்முடைய வேனை இரண்டு மாதத்திற்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார். “புதன்கிழமை நம் வண்டி வந்துவிடும்” என்று மறுத்தோம். அவர் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். ஐந்து புதன்கிழமைகள் போயின. துணிக்கட்டுகளை டாக்ஸியில் ஏற்றியிறக்கிக் கொண்டு அலைந்தோம். அப்போதுதான் ஒன்று விளங்கியது. தாமதம் நம்மை வருத்தியது மெய். ஆனால் நண்பரின் வேனை நம்மிடமிருந்து பறித்தது தாமதமன்று, அந்தப் புதன்கிழமை. தெரியாது என்ற மேஸ்திரி நம்மை நம் போக்கில் விட்டிருந்தார். நாள் குறித்தவரோ நம் கையைக் கட்டிப் போட்டார். காற்றை ஒருவரும் ஏசாததன் காரணமும் இதுவாகவே இருக்கும்: காற்று யாருக்கும் தேதி கொடுக்கவில்லை.

‘வாய்தா’ என்ற சொல்லை நாமெல்லாம் அறிவோம். அரபியில் வாக்குறுதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது. தமிழுக்கு வந்து தவணையாகி, கோர்ட்டுக்குப் போய் ஒத்திவைப்பாகிவிட்டது. வாக்குக் கொடுப்பதும் தள்ளிப் போடுவதும் ஒரே சொல்லாய்ப் போனதில் யாருடைய பங்கு எவ்வளவு என்று நாம் ஆராயப் போவதில்லை. ஆனால் ஒரு பங்கு நம்முடையது.

அந்த ஆண்டு செப்டம்பரில், பிடோக்கில் வீட்டிலிருந்தே தையல் தொழில் செய்யும் ஒரு சகோதரி, கல்யாண வீட்டார் நாற்பது பேருக்கு ஒரே நிறத்தில் உடை தைக்க நம் கடையில் துணி கேட்டிருந்தார். அந்த நிறம் கையிருப்பில் இல்லை. சரக்கு எப்போது வரும் என்று நமக்கே தெரியாது. “வியாழக்கிழமை என்று சொல்” எனக் கடைப் பையனுக்குச் சொன்னது நாம்தான். மூன்று வியாழன் சென்றன. நாலாம் வாரம் அவர் நேரில் வந்தார். கல்யாண வீட்டார் வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார்களாம். சண்டை பிடிக்கவில்லை. “நானா, தெரியாதென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் வேற கடையில வாங்கியிருப்பேனே” என்றார்.

அவர் வேறு கடைக்குப் போய்விடக் கூடாதென்றுதானே நாம் வியாழக்கிழமை என்றோம்! பட்டறைக் காரியாலயத்தார் பேச்சில் அசட்டை இருந்திருக்கலாம். நமது பேச்சில் இலாபக் கணக்கு இருந்தது. இரண்டில் எது பெரிய குற்றம் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“தெரியாது என்று சொன்னால் வாடிக்கை நிற்குமா? வியாபாரம் தர்மசத்திரமா?” என்று நம் சகோதரர் சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். தெரியாது என்பவனைவிட நாளை என்பவனிடமே ஜனங்கள் நிற்கிறார்கள். மேஸ்திரி மேல் கோபித்த நாமே சாட்சி. மெய் சொல்பவனுக்கு நஷ்டமே வராது என்று நாம் ஏமாற்றப் போவதில்லை, வரும். ஆனால் அந்த நஷ்டத்தை இதுவரை யார் தாங்கினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நமக்கு வர வேண்டியதைப் பிடோக்கிலுள்ள ஒரு தையற்காரப் பெண் தாங்கினார். இன்னொன்று: எண்ணத்திலேயே இல்லாத தேதிக்கு முன்னால் ‘இன்ஷா அல்லாஹ்’ சேர்த்துச் சொல்லும் வழக்கமும் நம் கடைகளில் உண்டு. அதைப் பற்றி அதிகம் எழுத நாணுகிறோம்.

பதினோராம் வாரம் மேஸ்திரியே டெலிபோன் செய்தார். மூடி வந்து, பேட்டரியைத் திறந்து பார்த்தாயிற்று, உள்ளே ஊறில்லை, நாளை மாலை நாலு மணிக்கு வரலாம் என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் தேதி அது. நாலு மணிக்குப் போனோம். வண்டி கழுவி நின்றது.

டிசம்பரில் அந்தச் சகோதரி வேறொரு துணிக்காக நமக்கு டெலிபோன் செய்தார். எப்போது வரும் என்று கேட்டார். தெரியாது என்றோம். சரி நானா என்று வைத்துவிட்டார். துணியை அடுத்த வீதியிலுள்ள கடையில் வாங்கியதாகக் கேள்விப்பட்டோம். பிறகு இதுவரை நம் கடைக்கு வரவில்லை.