‘பொசெஷன்’ என்னும் சொல்

அரசாங்க எழுதுவினைஞனாக இருந்த காலத்தில் காணிக் கோவைகளில் அடிக்கடி என் கண்ணிற்பட்ட ஆங்கிலச் சொல் ‘பொசெஷன்’. தமிழில் அதனை ‘ஆட்சி’ என்று எழுதுவோம். உறுதி ஒருவர் பெயரில் இருக்கும். காணி இன்னொருவர் ஆட்சியில் இருக்கும். பிணக்கு அங்கேதான் தொடங்கும்.

1871ஆம் ஆண்டிலிருந்து நமது நாட்டிலுள்ள சட்டமொன்றின்படி, தனியார் காணியொன்றைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றி, உரியவரின் உரிமையை ஏற்காமல், குத்தகை எதுவும் கொடாமல் ஆண்டவர் அதற்கு உரித்துக் கோரலாம். யுத்தத்தால் ஊரைவிட்டுப் போனவர்கள் இதனாற் காணியை இழக்கக்கூடாதென்று 2016இல் விசேட சட்டமொன்று வந்தது. ஆனால், “இது உங்களுடையது, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று வைத்திருப்பவருக்கு, காலம் போனதால் மட்டும் அந்த உரித்து வந்துவிடாது.

இச்சொல்லுக்கு இன்னொரு வழக்கும் உண்டு. பேய் பிடிப்பதையும் ஆங்கிலத்தில் இதே சொல்லாற் குறிப்பார்கள். கந்தோரில் இருந்தபோது இதனை வேடிக்கையாகவே எண்ணினேன்.

1995 ஒக்டோபர் இடம்பெயர்வின்போது ஆலயத்துக் குத்துவிளக்கொன்றைப் பாதுகாப்புக்காக நான் எடுத்துச் சென்றேன். ஊர் திரும்பியும் கோயில் திருத்தப்படாதிருந்தமையால் அது எங்கள் வீட்டுச் சுவாமியறையிலேயே நின்றது. வெள்ளிதோறும் என் மனைவி புளி போட்டு மினுக்கி ஏற்றுவார். மகளின் கலியாணத்துக்கும் அதுவே நின்றது. 2011இல் பரிபாலன சபை பொருட்பட்டியல் எடுத்தபோது, எழுதும் பொறுப்பு எனக்கு. ஊரார் வீட்டிலிருந்த பொருளெல்லாம் எழுதினேன். அந்த விளக்கை எழுதவில்லை. மறதியன்று. “பதினாறு வருடம் எண்ணெய் விட்டது நாங்கள்தானே” என்று மனம் நியாயம் பேசிற்று. காணிக்குரிய சட்டத்தை விளக்குக்கும் இழுத்துப் பார்த்தேன். எழுதுவினைஞர் வேலையின் பயன்!

அன்றிரவு தடுத்தாட்கொண்ட வரலாறு நினைவுக்கு வந்தது. கிழ வேதியராய் வந்த பெருமான் ஓலை காட்டி வழக்காடினார். சுந்தரர் பறித்துக் கிழித்தது படியோலை. மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் வெளிவந்தது. பாட்டனாரின் கையெழுத்து ஒப்புநோக்கப்பட்டு வழக்குத் தீர்ந்தது. கோவை பார்த்துப் பழகிய எனக்கு இவ்விடம் எப்போதும் சுவையானது. ஆளையே உடையவரென்று மூல ஓலை வைத்திருப்பவரின் விளக்குக்கு நான் ஆட்சி கொண்டாடுவதா?

விடிந்ததும் பட்டியலின் அடியில் அதனையும் எழுதினேன். மனைவியிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. தட்டைத் துடைத்து, சைக்கிளில் வைத்துக் கட்டுவதற்குச் சாக்கொன்று எடுத்துத் தந்தார்.

விளக்கு இப்போது வசந்த மண்டபத்தில் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவர் புளியும் கொண்டுதான் கோயிலுக்கு வருகிறார்.