எப்படி அடிபட்டது?

1954 அக்டோபர் 14 அன்று, கொல்கத்தாவின் ராஷ்பிகாரி அவென்யூவில் தேசப்ரிய பார்க் அருகே வங்கக் கவிஞர் ஜீவனானந்த தாஸ் மீது டிராம் மோதியது. பவானிபூரில் உள்ள சம்புநாத் பண்டிட் மருத்துவமனையில் சேர்த்தார்கள். எலும்புகள் முறிந்திருந்தன; பிறகு நிமோனியாவும் கண்டது. 22-ஆம் தேதி இறந்துபோனார். வயது 55. டிராம் தண்டவாளத்தை விட்டு விலகாத வண்டி, மணியடித்துக்கொண்டு வருகிற வண்டி. அதில் போய் ஒருவர் எப்படிச் சிக்கினார்? ஏதோ யோசனையில் நடந்தாரா, வாழ்க்கை கசந்து நடந்தாரா? வங்காளத்தில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. எந்தப் பதிலும் நிற்காதபோது கடைசியில் வருவது ஒரே சொல்தான்: விதி.

இன்று பவானிபூரிலோ, பக்கத்தில் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையின் விபத்துப் பிரிவிலோ டிராமில் அடிபட்டு வருகிறவர் அபூர்வம். ஸ்கூட்டரில் போய் காரிலும் பஸ்ஸிலும் அடிபட்டவர்களே நம் காலத்து நோயாளிகள். 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் நூற்றுக்கு 44-க்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஸ்ட்ரெச்சருக்குப் பக்கத்தில் நிற்கும் உறவினர் வாயிலும் அதே சொல்தான் வருகிறது. ஆனால் டாக்டர் கையில் இருக்கும் தாள் அந்தச் சொல்லை ஏற்பதில்லை.

ஐசிடி-10 என்ற உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் காயத்துக்கு ஒரு குறியீடு, காயம் வந்த வழிக்கு இன்னொரு குறியீடு. சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டைத் திரையில் வைத்துக்கொண்டு உட்காரும் ஆயிரக்கணக்கான மெடிக்கல் கோடர்களுக்கு இதன் விரிவான அமெரிக்க வடிவம் தினசரிச் சோறு. மோட்டார் சைக்கிளில் போனவர் அடிபட்டால் ‘வி2’ என்று தொடங்கும். ஸ்கூட்டரும் மொபெட்டும் இதில்தான் சேரும். அடுத்த எண் எதிரே வந்தது எது என்று சொல்லும்: ஆட்டோவோ இன்னொரு பைக்கோ என்றால் 2, காரோ வேனோ என்றால் 3, லாரியோ பஸ்ஸோ என்றால் 4. புள்ளிக்குப் பிறகு வருவது இருக்கை. சாலையில் ஓட்டிக்கொண்டு போனவருக்கு 4, பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு 5. கார் மோதி விழுந்த கணவருக்கு வி23.4 என்றால், பின்னால் இருந்த மனைவிக்கு வி23.5.

இதில் ஒரு தத்துவம் இருக்கிறது. மண்டைக்குள் ரத்தம் கட்டி அந்தக் கணவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். ரத்தக்கட்டுக்கு எஸ்06.5 என்று தனிக் குறியீடு உண்டு. ஆனாலும் மரணத்தின் மூல காரணமாகக் கணக்கில் ஏறுவது அது அல்ல, வி23.4. உயிரை எடுத்த கடைசிக் கண்ணியை விட்டுவிட்டு, சங்கிலி எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் போகச் சொல்கிறது முறை. இந்திய மருத்துவமனைகளில் இறப்புக்கு நிரப்பும் நான்காம் எண் படிவமும் உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம் என்று இறங்கிக்கொண்டே போய், காயம் எப்படி ஏற்பட்டது என்று நேராகக் கேட்கிறது.

அப்படியானால் கர்மத்துக்கு இடமே இல்லையா? மின்னலுக்கு எக்ஸ்33, நிலநடுக்கத்துக்கு எக்ஸ்34 என்று இயற்கைக்குக்கூட எண் கொடுத்த பட்டியல், முன்வினைக்குக் கொடுக்கவில்லை. இதை நாத்திகம் என்று நினைக்க வேண்டியதில்லை. சம்யுத்த நிகாயத்தில் மோலியசீவகன் என்ற துறவி புத்தரிடம் இதே கேள்வியோடு வருகிறான்: மனிதன் படுவதெல்லாம் முன் செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, சரியா? புத்தர் பதிலாக ஒரு பட்டியல் போடுகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கூடிய கோளாறு, பருவ மாற்றம், முறைகேடான நடத்தை, வெளியிலிருந்து வரும் தாக்குதல், கடைசியில் வினைப்பயன். எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுகிறவர்கள் கண்ணால் காண்பதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்கிறார். கர்மத்தை நம்பிய மரபே வகை பிரித்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறது.

நம் திருவாரூரிலும் ஒரு வாகன விபத்துக் கதை உண்டு. பெரியபுராணத்தில் இளவரசன் வீதிவிடங்கன் தேரில் போகும்போது ஒரு கன்று சக்கரத்தில் அடிபட்டுச் சாகிறது. தாய்ப்பசு மணியை அடித்ததும் மனுநீதிச் சோழன் முதலில் கேட்பது, என்ன நடந்தது என்பதைத்தான். கன்றுக்கு ஆயுள் அவ்வளவுதான் என்று அவன் அரண்மனைக்குள் திரும்பியிருக்கலாம். மந்திரிகள் சொன்ன பிராயச்சித்தத்தோடு முடித்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. அவன் கொடுத்த தண்டனையை இன்று யாரும் ஏற்க மாட்டார்கள். அவன் கேட்ட கேள்வி ஏற்க வேண்டியது.

அந்தக் கேள்வியைத்தான் நம் கேஸ் ஷீட்டுகள் தட்டிக்கழிக்கின்றன. ‘ஆர்.டி.ஏ.’ என்று மூன்றெழுத்து. சாலை விபத்து, அவ்வளவுதான். எந்த வண்டி, யார் ஓட்டியது, எது மோதியது, ஒன்றும் இருக்காது. அதை வைத்துக்கொண்டு எந்தக் கோடராலும் வி89.2-க்கு மேல் போக முடியாது. விவரம் தெரியாத மோட்டார் வாகன விபத்து என்று அதற்குப் பொருள். துக்கத்தில் இருப்பவர் விதி என்று சொன்னால் அது ஆறுதல், அதில் குறை காண யாருக்கும் உரிமையில்லை. பேனா பிடித்தவர் கேட்காமலே எழுதினால் அது இறந்தவருக்குச் செய்யும் அநீதி.

தெரியாது என்பதிலும் இரண்டு வகை உண்டு. ஓடும் வண்டி முன் ஒருவர் வேண்டுமென்றே விழுந்தால் எக்ஸ்81. விசாரித்தும் நோக்கத்தைத் தீர்மானிக்க முடியவில்லை என்றால் ஒய்31. ஜீவனானந்தரின் முடிவைப் பற்றி நேர்மையாகச் சொல்லக்கூடியது ஒருவேளை இவ்வளவுதான். தேடிய பிறகு தெரியவில்லை என்பது அடக்கம். தேடாமலே தெரியவில்லை என்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.

தேடினால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். 1935 மே மாதம் இங்கிலாந்தில், முதல் உலகப் போரில் புகழ்பெற்ற டி.இ. லாரன்ஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெய்ர்ன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணரும் ஒருவர். மாவீரனின் விதி என்று அவர் விட்டுவிடவில்லை. தலையில் அடிபட்ட மோட்டார் சைக்கிள்காரர்களின் விவரங்களைத் திரட்டி, ஹெல்மெட் உயிர் காக்கிறது என்று 1941-ல் கட்டுரை எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டிஷ் ராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்கு ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. 2022-ல் இந்தியாவில் ஹெல்மெட் இல்லாமல் இறந்த 50,029 பேரில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள் என்று சாலைப் போக்குவரத்து அமைச்சகம் சொல்கிறது. முன்னா பின்னா என்று யாரோ குறித்து வைத்ததால்தான் இந்த எண் நமக்குக் கிடைத்தது.

அடிபட்டவரை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் மூன்று விஷயங்களைச் சொல்லிவிட்டு வாருங்கள்: என்ன வண்டியில் வந்தார், ஓட்டினாரா பின்னால் இருந்தாரா, எது மோதியது. உங்கள் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவு உங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது.