தேநீர் இடைவேளையும் வீட்டு அமானிதமும்

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறேன். தக்வாவைக் கொண்டு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் உபதேசம் செய்துகொள்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்ததும் ஒரு சகோதரர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். தன் மனைவிக்கு இரண்டு முறை கரு கலைந்ததையும், அதற்காக எடுக்கும் சிகிச்சையையும், அதனால் வீட்டில் வரும் சண்டையையும் கூட வேலை செய்யும் நண்பரிடம் டீ குடிக்கும் நேரத்தில் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு வலீமா விருந்தில் அந்த நண்பரின் மனைவி, நாலு பெண்கள் நடுவே, இவருடைய மனைவியின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லியிருக்கிறார். அன்று இரவே அந்தப் பெண் தாய் வீட்டுக்குப் போய்விட்டார்.

"ஹஸ்ரத், நான் பொய் சொல்லலையே, உண்மையைத்தானே சொன்னேன்?" என்று அவர் கேட்டார்.

சகோதரர்களே, இந்தக் கேள்வி நம் எல்லோரிடமும் இருக்கிறது. புறம் என்றால் என்ன என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியபோது ஸஹாபாக்களும் இதையே கேட்டார்கள். சொன்ன குறை அவரிடம் உண்மையாகவே இருந்தால் என்ன என்றார்கள். உண்மையாக இருந்தால்தான் அது புறம், இல்லாவிட்டால் அது அவதூறு என்று நபியவர்கள் தெளிவுபடுத்திய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஆக, உண்மை என்பது மட்டும் ஒரு பேச்சை ஆகுமாக்கிவிடாது. அது யாருடைய விஷயம், அவர் அதை விரும்புவாரா என்று பார்க்க வேண்டும்.

நம் சம்பளம், நம் தலைவலி நம்முடையது. மனைவியின் நோயும், மகளுக்கு வந்து தட்டிப்போன சம்பந்தமும், தம்பியின் கடனும் நம்முடையவை அல்ல. அவை நம்மிடம் இருக்கும் அமானிதம். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஆடை என்கிறது குர்ஆன். ஆடையே உடலை வெளியே காட்டிக் கொடுத்தால் என்ன ஆகும்?

உமர் (ரலி) அவர்களின் மகள் ஹஃப்ஸா (ரலி) விதவையானபோது, தந்தை அபூபக்ர் (ரலி) அவர்களிடம் போய் என் மகளை மணந்துகொள்கிறீர்களா என்று கேட்டார்கள். அபூபக்ர் (ரலி) பதிலே சொல்லவில்லை. உமர் (ரலி) அவர்களுக்கு மிகுந்த வருத்தம். பிறகு நபி (ஸல்) அவர்களே ஹஃப்ஸாவை மணந்தார்கள். அதன் பின்புதான் அபூபக்ர் (ரலி) காரணம் சொன்னார்கள்: நபியவர்கள் ஹஃப்ஸாவைப் பற்றி முன்பே பேசியிருந்தார்கள், அந்த இரகசியத்தை வெளியிட எனக்கு மனமில்லை. புகாரியில் பதிவான சம்பவம் இது. உமர் அந்நியரா? உயிர் நண்பர், அந்தப் பெண்ணைப் பெற்ற தந்தை. நண்பர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை என்று அமானிதத்தைக் காத்தார்கள்.

கேட்பவருக்கும் பொறுப்பு உண்டு. ஒருவர் பேசும்போது சுற்றுமுற்றும் பார்த்தாலே அந்தப் பேச்சு அமானிதம் என்று ஹதீஸ் கற்றுத் தருகிறது. "யார்கிட்டயும் சொல்லாதே" என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நண்பர் தன் மனைவியிடம்தானே சொன்னார் என்று நாம் விட்டுவிட முடியாது.

அப்படியானால் எல்லாவற்றையும் நெஞ்சுக்குள் போட்டுப் பூட்ட வேண்டுமா? இல்லை. கணவர் அபூ சுஃப்யான் செலவுக்குப் போதுமானதைத் தருவதில்லை என்று ஹிந்த் (ரலி) நபியவர்களிடம் முறையிட்டார்கள். நபியவர்கள் கண்டிக்கவில்லை, தீர்வு சொன்னார்கள். தீர்வு தரக்கூடியவரிடம், தேவையான அளவு சொல்வது குற்றமில்லை. அடி உதைபடும் சகோதரி அதை மறைக்கவே கூடாது. மருத்துவரிடம் சொல்லுங்கள், குடும்பப் பெரியவரிடம் சொல்லுங்கள், ஆலிமிடம் சொல்லுங்கள். மேலதிகாரியிடம் விடுப்பு கேட்க, "வீட்டில் உடல்நிலை சரியில்லை" என்பது போதும். எந்த உறுப்பில் என்ன சிகிச்சை என்பது அவருக்கு வேண்டாம்.

அடுத்த முறை கையில் டீ கிளாஸோடு பேச்சு வீட்டுப் பக்கம் திரும்பினால், ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இப்போது என் மனைவி இங்கே நின்றிருந்தால் இதைச் சொல்வேனா?

அந்தச் சகோதரரிடம் தவ்பா செய்யச் சொன்னேன். அதோடு நிற்காமல், நேரில் போய் மனைவியிடம் மன்னிப்புக் கேட்கவும் சொன்னேன். ஏனென்றால் அது அவருடைய ஹக்கு. போனார். இரண்டு வாரம் கழித்து மனைவி திரும்பி வந்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த விருந்தில் கேட்ட வார்த்தையை அவர் காதிலிருந்து யாரால் எடுக்க முடியும்?

யா அல்லாஹ், எங்கள் குறைகளை நீ மறைத்திருப்பது போல, எங்களை நம்பியவர்களின் குறைகளை மறைக்கும் நாவை எங்களுக்குத் தருவாயாக! ஆமீன்.